இரண்டே படம் நடித்த பாண்ட்: டிமோத்தி டால்டனைப் பற்றி ஒரு இழை

ஒரு வாசகர் கேட்டது:

ஜேம்ஸ் பாண்ட் படங்களை வரிசையாகப் பார்த்து முடித்தேன். டிமோத்தி டால்டன் மட்டும் ஒட்டவே இல்லை. சிரிக்க மாட்டேன் என்கிறார், ஜாலி இல்லை, எந்நேரமும் யார் மேலோ கோபமாக இருக்கிறார். அதனால்தானே இரண்டே படத்தில் அனுப்பிவிட்டார்கள்? இவரைப் போய் சிலர் சிறந்த பாண்ட் என்கிறார்களே, எதை வைத்து?

ஜூலை 4, இரவு

யாரும் அவரை அனுப்பவில்லை. இந்தக் கதை எல்லா இடத்திலும் உலவுகிறது, அதனால் அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

'லைசென்ஸ் டு கில்' 1989இல் வந்தது. அடுத்த படத்துக்கான வேலையும் டால்டனை வைத்துத்தான் தொடங்கியது. அந்த நேரத்தில் எம்ஜிஎம் ஸ்டுடியோ கைமாறியது, பாண்ட் படங்களின் உரிமையை வைத்திருந்த டான்ஜாக் நிறுவனம் வழக்குப் போட்டது, எல்லாம் நின்றது. வழக்கு முடிவதற்குள் வருடங்கள் ஓடிவிட்டன. தயாரிப்பாளர் ஆல்பர்ட் பிராக்கொலி டால்டன் திரும்ப வர வேண்டும் என்றுதான் நினைத்தார், ஆனால் ஒரு படத்துக்கு அல்ல, தொடர்ந்து நான்கைந்து படங்களுக்கு. டால்டனுக்கு அது வேண்டாம். 1994 ஏப்ரலில் அவரே விலகினார். 1995இல் 'கோல்டன் ஐ' பியர்ஸ் பிராஸ்னனோடு வந்தது.

இனி 'சிரிக்க மாட்டேன் என்கிறார்' என்பதற்கு வருவோம். அவர் நடிக்கும் ஆள் எதைச் செய்து சம்பளம் வாங்குகிறான்? ஆளைக் கொல்கிறான். அரசாங்கமே அதற்கு உரிமம் கொடுத்திருக்கிறது. அந்த வேலையை வருடக்கணக்கில் செய்த ஒருவன் காலையில் எழுந்து கண்ணாடியைப் பார்த்தால் என்ன முகம் இருக்குமோ, டால்டன் அந்த முகத்தோடு வருகிறார். மற்றவர்கள் பாண்டாக நடித்தார்கள். இவர் பாண்டின் வேலையை நடித்தார். எனக்கு அது போதும், அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

ஜூலை 5

நேற்று எழுதியது பொதுவாகப் போய்விட்டது. ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொள்கிறேன்.

'தி லிவிங் டேலைட்ஸ்', 1987. பிராட்டிஸ்லாவா, இசை அரங்கத்துக்கு எதிர்க் கட்டிடம், இருட்டு அறை. ஒரு ரஷ்ய ஜெனரல் கட்சி மாறி ஓடிவரப்போகிறார். அவரைச் சுட எதிர்த்தரப்பில் ஒரு ஸ்னைப்பர் இருப்பான், அவனைப் பாண்ட் சுட வேண்டும். பக்கத்தில் சாண்டர்ஸ் என்ற விதி பிசகாத அதிகாரி. ஜன்னலில் துப்பாக்கியோடு தெரிவது ஒரு பெண். சற்று முன் அரங்கத்தில் செல்லோ வாசித்துக்கொண்டிருந்தவள். பாண்ட் கடைசி நொடியில் குறியை மாற்றித் துப்பாக்கியை மட்டும் சுடுகிறான்.

இது வரை கதை. இனிமேல்தான் டால்டன். திரும்பும் வழியில் காரில் சாண்டர்ஸ் கடுப்போடு இருக்கிறார், வேண்டுமென்றே தவறவிட்டாய், மேலிடத்தில் புகார் கொடுப்பேன் என்கிறார். பாண்ட் பதில் சொல்லும் விதத்தைக் கேளுங்கள். தொழில்முறைக் கொலைகாரர்களைத்தான் நான் கொல்வேன், அந்தப் பெண்ணுக்குத் துப்பாக்கியின் எந்தப் பக்கம் எது என்றே தெரியாது என்கிறான். மேலதிகாரி 'எம்'மிடம் போய்ச் சொல், வேலையை விட்டு எடுத்தால் அவருக்கு நன்றி சொல்வேன் என்கிறான். குரலை உயர்த்தவில்லை. மிடுக்கும் இல்லை. களைத்துப்போன ஒருவன் உண்மையைச் சொல்லிவிட்ட மாதிரி இருக்கிறது. 25 வருடம் ஓடிய ஒரு தொடரில் பாண்ட் தன் வேலையைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை.

நான் இதைப் பள்ளிக்கூடக் காலத்தில் டிவியில் தமிழ் டப்பிங்கில் பார்த்தபோது அந்த வரி காதில் விழவே இல்லை. சண்டை எப்போது வரும் என்று உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு காலத்தில், காலையில் எழுந்து போகவே பிடிக்காத ஒரு வேலையில் இருந்தேன். அப்போது மூலக் குரலில் திரும்பப் பார்த்தேன். அந்த வரி வந்ததும் படத்தை நிறுத்திவிட்டு மறுபடியும் போட்டேன்.

ஜூலை 5, கொஞ்ச நேரம் கழித்து

கீழே ஒருவர், 'இது ஃபிளெமிங் எழுதியதா, படத்துக்காக எழுதியதா' என்று கேட்டிருக்கிறார். பாண்டை உருவாக்கிய எழுத்தாளர் இயான் ஃபிளெமிங் அதே பெயரில் 1962இல் எழுதிய சிறுகதை. அதில் ஊர் பெர்லின். பாண்ட் ஒரு ஃபிளாட்டில் மூன்று இரவு காத்திருக்கிறான், பகலில் பொழுது போகாமல் அல்லாடுகிறான், எதிரே இசைக்குழுவோடு வந்து போகும் செல்லோப் பெண்ணைத் தூரத்திலிருந்து பார்த்துப் பார்த்து மனம் இளகுகிறான். சுடும் நேரத்தில் விஸ்கி குடிக்கிறான், கூட இருக்கும் அதிகாரி முறைக்கிறார். ஃபிளெமிங்கின் பாண்டுக்கு இந்த வேலை மேல் காதல் கிடையாது. 1953இல் வந்த முதல் நாவலிலேயே நாயகர் யார், வில்லன் யார் என்று படுக்கையில் கிடந்தபடி யோசித்து வேலையை விட்டுவிட நினைக்கிறான்.

டால்டன் வேடம் கிடைத்ததும் அந்தப் புத்தகங்களுக்குத்தான் திரும்பிப் போனார். பேட்டிகளில் இதை அவரே சொல்லியிருக்கிறார். அவர் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே பக்கத்தில் இருந்ததைப் படித்து எடுத்துக்கொண்டு வந்தார்.

ஜூலை 7

'எங்கிருந்து வந்தார் இந்த ஆள்?' என்ற கேள்விக்கு.

மேடையிலிருந்து. வேல்ஸில் பிறந்தவர், லண்டனில் ராடா நடிப்புப் பள்ளியில் படித்தவர், ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனியில் நடித்தவர். முதல் படம் 1968இல் 'தி லயன் இன் வின்டர்'. பிரெஞ்சு அரசன் இரண்டாம் பிலிப் வேடம். எதிரே பீட்டர் ஓ டூல், கேத்தரின் ஹெப்பர்ன். இருபதுகளில் இருக்கும் ஒரு புதுமுகம் ஓ டூலோடு தனியறையில் வார்த்தைச் சண்டை போடும் காட்சி இருக்கிறது, அதில் ஓர் அங்குலம் கூட அவர் பின்வாங்கவில்லை. 1970இல் 'உதறிங் ஹைட்ஸ்' படத்தில் ஹீத்கிளிஃப். 1983இல் பிபிசியின் 'ஜேன் ஐர்' தொடரில் ரோசெஸ்டர்.

ஹீத்கிளிஃப், ரோசெஸ்டர், பாண்ட். மூன்று பேரையும் ஒரு வரிசையில் வைத்துப் பாருங்கள். மூன்று பேரும் எதையோ உள்ளே பூட்டி வைத்திருப்பவர்கள். வெளியே முரட்டுத்தனம், உள்ளே ஆறாத புண். அவரைப் பாண்டாகத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு எப்படிப்பட்ட பாண்ட் கிடைக்கும் என்று தெரிந்தே இருந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. ஷான் கானரி விலகிய சமயத்தில், 1960களின் கடைசியில், டால்டனிடம் பேசியிருக்கிறார்கள். தனக்கு வயது போதாது என்று மறுத்துவிட்டார். அந்த இடத்துக்கு ஜார்ஜ் லாசென்பி வந்தார். கானரியின் நாற்காலியில் உட்காரும் வாய்ப்பை ஒரு இளம் நடிகர் வேண்டாம் என்று சொன்னதை நினைத்துப் பாருங்கள். அந்த வேடத்துக்கு வாழ்ந்த முகம் வேண்டும் என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

ஜூலை 8

எங்கள் வீட்டில் அப்பா ரோஜர் மூர் ரசிகர். அவருக்கு பாண்ட் என்றால் புருவத்தை ஒரு தூக்குத் தூக்கி, கசங்காத சட்டையோடு விமானத்திலிருந்து குதிக்க வேண்டும். 'ஆக்டோபசி' அவருக்குத் தனிப் பிரியம், உதய்ப்பூரில் எடுத்த படம், நம் சென்னை விஜய் அமிர்தராஜ் ஆட்டோ துரத்தலில் டென்னிஸ் மட்டையால் அடியாட்களை விரட்டுவார். டால்டன் படம் வந்தால் அப்பா எழுந்து போய்விடுவார். 'இவன் என்ன இழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி இருக்கிறான்' என்பார்.

மூரை நான் குறைத்துப் பேச மாட்டேன். அவர் 1973இலிருந்து 1985 வரை ஏழு படங்களில் அந்தத் தொடரைத் தூக்கிச் சுமந்தார். திரையரங்கில் குடும்பத்தோடு உட்கார்ந்து சிரித்துவிட்டு வரும் பாண்டை அவர் கொடுத்தார். டால்டன் மேல் வந்த வெறுப்பில் பாதி, மூருக்குப் பிறகு உடனே வந்ததால் வந்த வெறுப்பு. பன்னிரண்டு வருடம் ஒரு சுவைக்குப் பழகியவர்களிடம் வேறு ஒன்றை நீட்டினார்கள், அவ்வளவுதான்.

ஜூலை 8, மீண்டும்

பஞ்ச் வசனம் அவருக்கு வராது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதில் நியாயம் இருக்கிறது. மறுக்க மாட்டேன்.

ஆனால் ஒரு விவரம் சொல்ல வேண்டும். 'தி லிவிங் டேலைட்ஸ்' கதையை எழுதிக்கொண்டிருந்தபோது யார் பாண்ட் என்றே முடிவாகவில்லை. வேடம் முதலில் பிராஸ்னனுக்குத்தான் போனது. அவர் நடித்துவந்த 'ரெமிங்டன் ஸ்டீல்' தொலைக்காட்சித் தொடரை நிறுத்திவிட்டிருந்தார்கள். பாண்டாக வரப்போகிறார் என்ற செய்தி பரவியதும் அந்தத் தொடருக்கு மவுசு கூடியது, ஒப்பந்தத்தைக் காட்டி என்பிசி தொலைக்காட்சி மறுபடி தொடரை எடுக்க வைத்தது. பிராக்கொலி அவரை விட்டுவிட்டார். அப்புறம்தான் டால்டன். ஆக, வேறொருவர் உடம்புக்கும் பொருந்தும்படி பொதுவாக எழுதிய வசனங்கள் அதில் நிறைய. வில்லனின் அடியாளை பூட்ஸோடு சேர்த்து விமானத்திலிருந்து விழவைத்துவிட்டு, அந்த பூட்ஸை வைத்தே ஒரு சிலேடை சொல்ல வேண்டியிருக்கிறது. மூர் சொல்லியிருந்தால் கைதட்டல். டால்டன் கடமைக்குச் சொல்லிவிட்டு நகர்கிறார்.

அதே படத்தில் இன்னொன்று பாருங்கள். துரத்தி வரும் போலீஸ் காரைப் பாண்டின் கார் லேசரால் அறுத்துவிடுகிறது, மேல் பாகம் தனியாகக் கழன்று நிற்கிறது. என்ன ஆயிற்று என்று கூட வரும் செல்லோப் பெண் காரா கேட்கிறாள். உப்பு அரித்துவிட்டது என்று சாலையைப் பார்த்தபடியே சொல்கிறார். முகத்தில் ஒன்றும் இல்லை. அங்கே எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. அவருடைய நகைச்சுவை அந்த வகை. நம்மைப் பார்த்துக் கண்ணடிக்க மாட்டார்.

ஜூலை 9

செல்லோ பெட்டியை ஸ்லெட்ஜ் ஆக்கி, பாண்டும் காராவும் அதில் உட்கார்ந்து பனியில் சறுக்கி எல்லை தாண்டும் காட்சி அபத்தம் என்பவர்களுக்கு: ஆமாம், அபத்தம்தான். எனக்கு ரொம்பப் பிடிக்கும். செல்லோவைத் திரும்பப் போய் எடுத்து வர வேண்டும் என்று அவள் அடம்பிடித்தபோது இந்த ஆள் முகம் போன போக்கு இருக்கிறதே, அதற்காகவே அந்தக் காட்சி.

ஜூலை 11

இன்று முழுவதும் வியன்னா காட்சிதான் மனதில் ஓடியது, எழுதிவிடுகிறேன்.

பிராட்டர் பூங்கா. பெரிய ராட்டினத்தில் காராவோடு பாண்ட். இதில் காதல் இருக்கிறது, கொஞ்சம் கூச்சம் கூட இருக்கிறது. காராவாக வரும் மரியம் டாபோவின் கண்ணில் அவன் ஒரு நண்பன், அவன் அவளிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறான், அந்தப் பொய் அவனை உறுத்துகிறது. டால்டன் அவளை முத்தமிடுவதற்கு முன் ஒரு கணம் தயங்குகிறார். அதைக் கவனியுங்கள்.

பிறகு கீழே ஒரு கஃபே. காரில் சண்டை போட்ட அதே சாண்டர்ஸ் வந்திருக்கிறார். இந்த முறை நல்ல தகவலோடு வந்திருக்கிறார், பாண்ட் மனதாரப் பாராட்டுகிறான். இரண்டு பேருக்கும் இடையே முதன்முறையாக மரியாதை வருகிறது. சாண்டர்ஸ் எழுந்து வாசலுக்குப் போகிறார், வில்லனின் ஆள் ஏற்பாடு செய்து வைத்த தானியங்கிக் கண்ணாடிக் கதவு அவரை நசுக்குகிறது. ஒரு பலூன் உருண்டு வருகிறது. ஒற்றர்களுக்குச் சாவு என்று ரஷ்ய மொழியில் அதில் எழுதியிருக்கிறது. பாண்ட் அதைக் கையில் எடுத்து விரல்களை இறுக்க, பலூன் வெடிக்கிறது.

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் கட் செய்து அடுத்த ஊருக்குப் போயிருப்பார்கள். இங்கே போகவில்லை. பாண்ட் வெளியே பாய்கிறான். ஒரு தடுப்புக்கு மேலே பலூன்கள் நகர்வது தெரிகிறது, துப்பாக்கியை நீட்டிக்கொண்டு பாய்கிறான், எதிரே தாயோடு நிற்கும் ஒரு சிறுவன். பாண்ட் துப்பாக்கியை இறக்குகிறான். காராவிடம் திரும்பி வருகிறான். சேதி ஏதாவது வந்ததா என்று ஒன்றும் அறியாமல் கேட்கிறாள். வந்தது என்கிறான். அந்தப் பதிலில் இருக்கும் விஷத்தை அவள் மேல் கொட்டாமல் இருக்க அவன் படும் பாடு, ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் டால்டன் முகத்தில் முழுதாகத் தெரிகிறது.

இது பாண்ட் படம்தானா என்று கேட்கலாம். எனக்கு இதுதான் பாண்ட் படம்.

ஜூலை 12

நேற்றைய குறிப்பின் தொடர்ச்சி. அந்தக் கோபத்தோடுதான் அவன் டாஞ்சியரில் சோவியத் உளவுத்துறைத் தலைவர் ஜெனரல் புஷ்கினின் ஹோட்டல் அறைக்குள் நுழைகிறான். ஜான் ரீஸ் டேவிஸ் நடித்த பாத்திரம். கொல்ல உத்தரவு இருக்கிறது. கொல்லும் மனநிலையும் இருக்கிறது. புஷ்கினை மண்டியிட வைத்துப் பின்னால் நிற்கிறான். ஒரு கணம் சுட்டுவிடுவான் என்றுதான் நினைத்தேன், இப்போது பார்த்தாலும் நெஞ்சு படபடக்கும். கதை எனக்கு மனப்பாடம், ஆனாலும். உன்னைக் காட்டிக்கொடுத்தவனை நம்பியிருந்தால் நாம் பேசிக்கொண்டிருக்கவே மாட்டோம் என்கிறான் பாண்ட். அப்படியானால் நான் சாக வேண்டியதுதான் என்கிறார் புஷ்கின். இரண்டு தொழில்காரர்கள் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்கிறார்கள்.

நடிப்பு என்றால் எனக்கு இதுதான்: அடுத்து என்ன செய்வான் என்று நமக்குத் தெரியாமல் வைத்திருப்பது. கானரியிடம் இது இருந்தது. மூரிடம் இல்லை, அவர் சுட மாட்டார் என்று நமக்குத் தெரியும். டால்டனிடம் வேறு எவரையும் விட அதிகம் இருந்தது.

ஜூலை 15

சரி, 'லைசென்ஸ் டு கில்'.

இதைப் பற்றி எழுத நாள் எடுத்துக்கொண்டேன், ஏனென்றால் இந்தப் படத்தை வெறுப்பவர்கள்தான் அதிகம். பாண்ட் படமாகவே இல்லை, ஏதோ அமெரிக்க போலீஸ் படம் என்பார்கள். உலகை அழிக்கும் திட்டம் இல்லை, எரிமலைக்குள் ஒளிந்த தலைமையகம் இல்லை. ராபர்ட் டாவி நடித்த சான்செஸ் ஒரு போதைமருந்துக் கடத்தல் அதிபன். அந்தக் காலத்துச் செய்தித்தாளிலிருந்து நேரே எடுத்த வில்லன். எஸ்கோபார் பெயர் தினமும் அடிபட்ட காலம் அது. படம் வந்த ஆறேழு மாதத்தில் பனாமாவின் நொரியேகாவை அமெரிக்கப் படை பிடித்துக்கொண்டு போனது.

தொடக்கம் ஒரு கல்யாணம். பாண்டின் நண்பன் ஃபீலிக்ஸ் லெய்ட்டருக்கு. மணமகள் டெல்லா, விருந்து முடிந்து பாண்ட் கிளம்பும்போது விளையாட்டாகத் தன் கார்ட்டரை, தொடையில் கட்டும் பட்டையை, கழற்றி அவனிடம் வீசுகிறாள். அடுத்த கல்யாணம் உனக்குத்தான் என்று அர்த்தம். பாண்டின் முகம் ஒரு கணம் அணைந்துவிடுகிறது, விடைபெற்றுப் போய்விடுகிறான். அவனுக்கு ஒரு முறை கல்யாணம் ஆகியிருந்தது, ரொம்ப நாள் முன்பு என்று ஃபீலிக்ஸ் அவளிடம் சொல்கிறான். அவ்வளவுதான், வேறு விளக்கம் இல்லை. 1969 படத்தில் கல்யாணம் ஆன அன்றே மனைவியைச் சுட்டுக்கொன்றார்கள். இருபது வருடத்துக்கு முன் வேறு ஒரு நடிகர் சுமந்த துக்கத்தை டால்டன் ஒரே பார்வையில் தன்னுடையதாக்கிக்கொள்கிறார்.

அதே இரவில் டெல்லாவைக் கொன்று, ஃபீலிக்ஸைச் சுறாவுக்குப் போடுகிறார்கள். இது ஃபிளெமிங்கின் 'லிவ் அண்ட் லெட் டை' நாவலில் இருக்கும் காட்சி, 1973 படத்தில் எடுக்காமல் விட்டது. பாண்ட் கண்டுபிடிக்கும்போது டால்டன் கத்தவில்லை, அழவில்லை. அந்த நொடியிலிருந்து படம் முடியும் வரை அவர் உடம்பு தளரவே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? தோள் இறுகியே இருக்கிறது. தாடை இறுகியே இருக்கிறது. பணத்துக்காக நண்பனைக் காட்டிக்கொடுத்தவன் சுறாத் தொட்டிக்கு மேல் தொங்கியபடி லஞ்சத்தில் பாதி தருகிறேன் என்கிறான். பாண்ட் பணம் நிறைந்த பெட்டியை அவன் மேலேயே எறிந்து தொட்டிக்குள் தள்ளுகிறான். நீ சம்பாதித்தது, நீயே வைத்துக்கொள் என்கிறான். அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் போயிருக்கும்.

கீ வெஸ்டில், ஹெமிங்வே வாழ்ந்த வீட்டில், பூனைகளுக்கு நடுவே எம் வந்து உரிமத்தைப் பறிக்கிறார். பாண்ட் தப்பி ஓடுகிறான். இனி அவன் யாருக்கும் வேலைக்காரன் இல்லை.

ஜூலை 15, பின்னிரவு

தூக்கம் வரவில்லை, ஒன்றை விட்டுவிட்டேன். இந்தப் படத்தைப் பழிவாங்கும் கதை என்று சொல்லிவிட்டு எல்லாரும் நகர்ந்துவிடுகிறார்கள். அது பழிவாங்குவதை மெச்சும் கதையும் அல்ல.

பாண்ட் சான்செஸைச் சுட முயலும் இரவில், ஹாங்காங் போதைத் தடுப்புப் பிரிவின் ரகசிய ஆட்கள் அங்கே ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். பாண்டின் அவசரத்தால் அவர்கள் திட்டம் நாசமாகி, அவர்கள் உயிர் போகிறது. பாண்டுக்குத் துணையாக வரும் பாம் என்ற பெண்ணும் வேறொரு பக்கம் ஒரு பேரத்தை நூல் பிடித்தபடி கொண்டுபோய்க்கொண்டிருந்தாள், அதுவும் கெட்டது. அவள் அவனிடம் இதைச் சொல்லும்போது பதில் பேச அவனிடம் ஒன்றும் இல்லை. உன் துக்கம் உனக்கு நியாயம், ஆனால் அதற்கான விலையை வேறு யாரோ கொடுத்தார்கள். ஒரு பாண்ட் படம் தன் நாயகனிடம் இப்படிப் பேசுவது எனக்குப் பெரிய விஷயம்.

அப்புறம் அவன் வழியை மாற்றுகிறான். துப்பாக்கியை விட்டுவிட்டு, சான்செஸின் கூட்டத்துக்குள் நுழைந்து சந்தேகத்தை விதைக்கிறான். சான்செஸுக்குப் பணத்தை விட விசுவாசம் பெரிது. அந்த ஒரு பிடியை வைத்துக்கொண்டு அவன் ஆட்களை அவன் கையாலேயே முடிக்க வைக்கிறான். டாவியும் டால்டனும் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் காட்சிகளில் ஒருவரை ஒருவர் உண்மையாகவே பிடித்துப்போனவர்கள் மாதிரி இருக்கிறார்கள். சான்செஸின் அடியாளாக ஒரு ஒல்லிப் பையன் வருவார், சிரித்தால் முதுகு சில்லிடும். பெனிசியோ டெல் டோரோ.

ஜூலை 17

ஒருவர் கோபமாக, 'அந்தப் படத்தில் சிரிக்க ஒன்றுமே இல்லையே' என்கிறார். டெஸ்மண்ட் லெவெலினை மறந்துவிட்டீர்களே! லண்டனில் உட்கார்ந்து கருவிகளைக் கொடுத்து, பத்திரமாகத் திருப்பிக் கொடு என்று வருடக்கணக்கில் திட்டிக்கொண்டிருந்த க்யூ, விடுப்பு எடுத்துக்கொண்டு பெட்டி நிறையச் சாமான்களோடு பாண்டுக்கு உதவ வந்துவிடுகிறார். யாரும் அனுப்பவில்லை. துடைப்பத்தில் வானொலி வைத்துத் தகவல் சொல்லிவிட்டு, அந்தத் துடைப்பத்தைத் தானே அலட்சியமாகத் தூக்கி எறிந்துவிட்டுப் போகிறார். லெவெலினுக்குத் தொடரிலேயே பெரிய வேடங்களில் ஒன்று இது. டால்டன் அவரைப் பார்க்கும் பார்வையில் ஒரு மகனின் பிரியம் இருக்கிறது. இறுகிப்போன ஆள் தளரும் ஒரே இடம்.

படத்தின் கடைசியில் ஒரு மீன் சிலை கண்ணடிக்கும். அதை வெட்டியிருக்கலாம். அதற்குக் கொஞ்சம் முன்னால், மெக்சிகோ மலைப்பாதையில் டேங்கர் லாரிகள் துரத்தி முடிந்து, சான்செஸ் எரிந்து முடிந்ததும், பாண்ட் ரத்தமும் புழுதியுமாகக் கிழிந்த சட்டையோடு ஒதுங்கிக் கிடக்கிறான். ஜெயித்த முகம் இல்லை. எனக்குப் படம் அங்கேயே முடிந்துவிடும்.

ஜூலை 20

'டால்டன் தன் காலத்துக்கு முந்தியவர்' என்று இங்கே நாலைந்து பேர் எழுதிவிட்டீர்கள். நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். 2006இல் டேனியல் கிரெய்க் 'கசினோ ராயல்' படத்தில் ரத்தம் வடிய நின்றபோது உலகமே கொண்டாடியது, 2008இல் அவரும் ஒரு பழிவாங்கும் படம் நடித்தார். பதினேழு, பதினெட்டு வருடம் முன்னால் இதையேதான் ஒருவர் செய்தார், அவரைத் திட்டினீர்கள் என்று வாதம் செய்வேன்.

இப்போது அந்த வாதம் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. கிரெய்க் வந்து அங்கீகரித்த பிறகுதான் டால்டனுக்கு மதிப்பு என்று ஆகிவிடுகிறது. அவர் முன்னோக்கி எங்கும் ஓடவில்லை, பின்னோக்கி, 1953இல் வந்த ஃபிளெமிங்கின் முதல் நாவலுக்குப் போனார். கிரெய்க்கும் அங்கேதான் போனார். இரண்டு பேருக்கும் ஊற்று ஒன்று. ஒரு வித்தியாசம், கிரெய்க்குக்காகத் தொடரையே முதலிலிருந்து தொடங்கி, கதையை அவர் அளவுக்கு எழுதினார்கள். டால்டனுக்கு அதே இயக்குநர் ஜான் க்ளென், 1962இலிருந்து எழுதிவந்த ரிச்சர்ட் மைபாம், அதே அமைப்பு. எல்லாம் பழைய வண்டி, ஓட்டுநர் மட்டும் புதுசு. அதற்குள் அவர் இவ்வளவு செய்தார்.

வசூல் பற்றியும் கேட்டிருந்தார்கள். முதல் படம் உலக அளவில் நன்றாகவே ஓடியது, 19 கோடி டாலருக்கு மேல். இரண்டாவது 15 கோடி சொச்சம், அதிலும் அமெரிக்காவில் 3 கோடியே 40 லட்சம் போலத்தான். 1989 கோடையில் 'பேட்மேன்', 'இண்டியானா ஜோன்ஸ்', 'லீதல் வெப்பன் 2' எல்லாம் ஒரே சமயத்தில் நின்றன. பிரிட்டனில் 15 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று சான்றிதழ் கொடுத்ததால் பாண்ட் படத்துக்கு வழக்கமாக வரும் சிறுவர் கூட்டமும் போயிற்று. இதையெல்லாம் ஒரு நடிகர் கணக்கில் எழுதுவது அநியாயம்.

ஜூலை 21

ஆப்கானிஸ்தான் பகுதியைப் பற்றி யாரும் பேசவில்லையே. 1987இல் சோவியத் படை இன்னும் அங்கே இருந்தது, 1989 பிப்ரவரியில்தான் கிளம்பியது. படம் முஜாஹிதீன்களை முழு நாயகர்களாகக் காட்டுகிறது, ஆர்ட் மாலிக் ஆக்ஸ்ஃபோர்டில் படித்த தலைவனாகக் குதிரையில் வருவார். எடுத்தது மொராக்கோவில். பிறகு நடந்த வரலாறு தெரிந்த நமக்கு அதை நெருடல் இல்லாமல் பார்க்க முடியாது. ஆனால் அதே பகுதியில் அவர்களும் அபினை விற்கிறார்கள், அந்தப் பணத்தில்தான் போர் நடக்கிறது என்று படம் காட்டுகிறது. பாண்ட் அதைப் பார்த்துத் திகைக்கிறான். யாருடைய கையும் சுத்தமில்லாத ஒரு உலகத்தில்தான் இந்த ஆள் வேலை செய்கிறான், அதைத்தான் முதல் குறிப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 25

கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, 'சரி, மறுபடி பார்க்கிறேன், எதில் தொடங்க?' என்று கேட்டிருக்கிறார். மகிழ்ச்சி!

பாண்டில் தொடங்காதீர்கள். 'தி லயன் இன் வின்டர்' பாருங்கள், பிறகு 'ஜேன் ஐர்' தொடரில் ஒன்றிரண்டு பகுதிகள். அவர் குரல் எப்படி வேலை செய்கிறது என்று காது பழகிவிடும். பிறகு 'தி லிவிங் டேலைட்ஸ்', கட்டாயம் மூலக் குரலில், வசன எழுத்தோடு. ஒரு வாரம் இடைவெளி விட்டு 'லைசென்ஸ் டு கில்'. அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் 2007இல் வந்த 'ஹாட் ஃபஸ்' பாருங்கள், சூப்பர்மார்க்கெட் மேலாளராகப் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே வருவார். சிரிக்கத் தெரியாத ஆள் என்ற புகாருக்கு அவரே பதில் சொல்லட்டும்.